துணியும் துணிவும்

பாவினின்று துணிக்கப்பட்டது துணி. அதனிற் சிறியது துண்டு. வெட்டப்பட்டது வேட்டி என்பாரும் உளர். ஐயத்தையும் அச்சத்தையும் அறுத்து ஒரு முடிவிற்கு வருதலும் தமிழில் துணிதலே; அம்முடிவில் நிற்கும் திண்மை துணிவு. உடலை மூடும் பொருட்கும் உள்ளத்தை நிமிர்த்தும் பண்பிற்கும் வேர் ஒன்றே. துணிவிலான் எத்துணி உடுப்பினும் அது பிறன் போர்த்திய போர்வையே ஆகும்.

ஆடவர்க்கு அழகு எது என்பதற்குப் பாளையங்கோட்டையே விடை கூறும். இவ்வூர்த் திடல் ஒன்றிற்கு வ.உ.சிதம்பரனார் பெயர் இடப்பட்டிருக்கிறது. 1908 மார்ச்சில் அவர் அடைக்கப்பட்டதும் இவ்வூர்ச் சிறையிலேயே. 1906-இல் தன்னாட்டுக் கப்பற் குழுமம் கண்டவர். தூத்துக்குடியில் நெசவுச்சாலையும் நிறுவியவர். அவர்க்கு இரண்டு வாழ்நாட் தண்டனைகள் விதிக்கப்பட்டன. அவை மேன்முறையீட்டிற் குறைந்தன. கோவைச் சிறையிற் செக்கிழுத்தார். வழக்கறிஞர் உடை போயிற்று; சிறையுடை வந்தது. அந்நிலையிலும் சேம்சு ஆலன் என்னும் ஆங்கில அறிஞரின் தன்னொழுக்க நூல்களைத் தமிழாக்கினார். அவற்றுள் ஒன்றற்கு அவர் இட்ட பெயர் ‘அகமே புறம்’. உடையை மாற்றிய ஆட்சியால் ஆளை மாற்ற இயலவில்லை. 1912 இறுதியில் விடுதலையுற்று வறுமையில் வாடிய காலத்தும் தொல்காப்பிய உரையைப் பதிப்பித்தார். தன்னைத் தான் ஆண்டவர்க்குப் பிறர் ஆட்சி வெளிச்சுவரே.

இற்றைத் தமிழ் ஆடவனை ஆள்வோர் மூவர்.

முதலாமவன் போன வெள்ளையன். 2014 சூலையில், சென்னைச் சேப்பாக்கத்து மட்டைப்பந்துக் கழக மன்றம், வேட்டி உடுத்து வந்த உயர்மன்ற நடுவர் அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. நாட்டின் சட்டத்தை ஓதித் தீர்ப்பளிப்பவரும் தம் நாட்டு உடையால் வாயிலில் தடுக்கப்பட்டார்! அவ்வாண்டே தமிழ்நாட்டரசு அத்தகைய தடைகளை நீக்கச் சட்டம் இயற்றிற்று. சட்டம் மன்றத்தின் கதவைத் திறந்தது; வேட்டி கட்டிச் சென்றால் மதிப்பார்களா என்று நடுங்கும் நெஞ்சின் கதவை அவ்வந் நெஞ்சே திறத்தல் வேண்டும்.

இரண்டாமவன் வணிகன். மார்பிற் பொறித்த குழுமப் பெயரை இளைஞன் தன் பணங்கொடுத்துச் சுமக்கிறான். விளம்பரப் பலகை நடுவதற்கும் நிலத்துக்குக் கூலி தரும் குழுமம், இவன் மார்புக்குக் கூலி வாங்கிக்கொள்கிறது! தந்தை வயலிலும் கடையிலும் ஈட்டியது தவணைக்குச் செல்கின்றது.

மூன்றாமவன் கொடியவன். அவன் சாதி. நெல்லை வட்டாரப் பள்ளிகளில் மாணவர் தத்தம் சாதிக்குரிய நிறக் கயிற்றைக் கையிற் கட்டிய செய்தி நாடறிந்தது. பாளையங்கோட்டைக்குத் தெற்கே நாங்குநேரியில், 2023 ஆகத்தில், ஒடுக்கப்பட்ட குலத்து மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் பயின்றோரே வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அமைந்த நடுவர் சந்துரு குழு, 2024 சூனில் அளித்த அறிக்கையில் கயிறு, கணையாழி, நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் விலக்கப் பரிந்துரைத்தது. நன்று. ஆயினும் பள்ளி வாயிலில் அறுபட்ட கயிறு மாலையில் தெருமுனையில் மீண்டும் கட்டப்படும். கட்டிவிடும் கை பெரும்பாலும் வளர்ந்தோர் கையே.

“எது அணிவதென்பது என் உரிமை அன்றோ?” என இளைஞன் கேட்கலாம். உரிமையே, ஆனால் அது அவன் உரிமைதானா? கூட்டம் கலைந்து தனியே நிற்கும்போதும் அக்கயிற்றை விரும்புவானா? கழற்றினால் உறவினர் என் சொல்வரோ என்று அஞ்சுவானாயின், அது அணியன்று, தளை. இக்கேள்வி வேட்டிக்கும் பொருந்தும். பட்டறையிலும் ஊர்தியிலும் பணிக்கேற்பக் காற்சட்டை அணிவோன் அடிமையல்லன். ஒரு நாள் விழாவிற்குக் கரைவேட்டி கட்டிப் படம் பிடித்துக்கொண்டு, மறுநாள் அதனை நாட்டுப்புறம் என்று நகைப்பவனே அடிமை. எவ்வுடை என்பதன்று வினா. எவன் ஏவலால் என்பதே வினா.

விரும்பியதெல்லாம் செய்தல் விடுதலையன்று. விருப்பத்தை ஆளாதவனை வணிகன் ஆள்வான். சினத்தை ஆளாதவனைச் சாதித் தலைவன் ஆள்வான். தூய எளிய உடை, வரவிற்குள் செலவு, தாய்மொழியிற் பேச நாணாமை, எவர் முன்னும் கூனாமை, எவரையும் கூனச் செய்யாமை — ஆடவர்க்கு அழகு இவ்வளவே. இதற்கு எக்கடைக்கும் போதல் வேண்டா.

தந்தையரே, மகன் கையை இன்றே பாருங்கள். கயிறிருப்பின், பள்ளி அறுக்கு முன் வீட்டில் அவனே அறுக்கட்டும். அதற்கு வேண்டுவது கத்தியன்று; துணிவு.