வாக்குச்சீட்டில் முதல் பந்தி யாருக்கு?

கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு அடிதடி நடக்கும். தேர்தலில் அந்தச் சண்டைக்கே இடமில்லை, சட்டம் போட்டு முடித்துவிட்டார்கள். சட்டமன்றத் தேர்தலில் ஓட்டு இயந்திரத்தில் பொருத்தியிருக்கும் தாளை மேலிருந்து கீழாகப் படித்தால் பெயர்கள் அகர வரிசையில் இருப்பது போலத்தான் தெரியும். கொஞ்சம் கீழே போனால் 'அ' மறுபடி வரும். இன்னும் கீழே மூன்றாவது முறையாகவும் வரும். அச்சுப்பிழை இல்லை. மூன்று பந்தி!

1951ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 38ஆவது பிரிவில் இது இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட தேசிய, மாநிலக் கட்சிகளின் வேட்பாளர்கள் முதலில். பதிவு மட்டும் செய்துகொண்ட கட்சிகள் அடுத்து. சுயேச்சைகள் கடைசியில். அகர வரிசை அந்தந்தப் பந்திக்குள்ளே மட்டும்தான். அன்பழகன் என்ற சுயேச்சை, வேலுச்சாமி என்ற கட்சிக்காரருக்குக் கீழேதான் உட்கார வேண்டும். (2013 உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்த நோட்டா அதற்கும் கீழே. சுயேச்சைக்குப் பக்கத்து வீடு!)

இந்தப் பிரிவினை 1996இல் நுழைந்தது. அந்த வருடம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறைகளை யாரும் கேட்கவில்லை என்று கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்ய, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டு புத்தகமாகவே ஆகிப்போனது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தம் சட்டமன்ற வேட்பாளரின் டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது (2009 திருத்தத்தில் 10,000). அங்கீகாரம் இல்லாதவருக்கு முன்மொழிய 10 பேர் வேண்டும் என்றது, அங்கீகாரம் உள்ளவருக்கு ஒருவர் போதும். கூட்டத்தைக் குறைக்க இவை போதாதா? இத்தனையையும் தாண்டி வந்தவரைப் பட்டியலில் கீழே தள்ளுவதால் சீட்டின் நீளம் ஒரு அங்குலமாவது குறையுமா?

2021 தேர்தலைப் பாருங்கள். நாம் தமிழர் கட்சி 234 தொகுதியிலும் நின்று, சுமார் ஆறரை சதவீதம் ஓட்டு வாங்கி, கட்சிவாரியாக மூன்றாவது இடத்துக்கு வந்தது. அங்கீகாரம் இல்லாததால் சீட்டில் இரண்டாம் பந்தி. தமிழ்நாட்டில் ஒரு சதவீதம்கூட வாங்காத பகுஜன் சமாஜ், தேசியக் கட்சி என்பதால் நின்ற இடமெல்லாம் முதல் பந்தி. அந்தக் கட்சியைப் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு விஷயம். தமிழ்நாட்டு வாக்காளருக்குத் தர வேண்டிய சீட்டின் வரிசையை உத்தரப் பிரதேசத்தில் விழுந்த ஓட்டு ஏன் முடிவு செய்கிறது என்பதுதான் கேள்வி.

"மக்கள் சின்னத்தைத்தான் தேடுகிறார்கள், வரிசையை யார் பார்க்கிறார்கள்?" என்பார்கள். ஆர்.கே.நகரில் 2017 டிசம்பரில் 59 பேர் நின்ற இடைத்தேர்தலில் மூன்றாம் பந்தியில் இருந்த தினகரனின் குக்கர் ஜெயிக்கவில்லையா என்றும் கேட்பார்கள். ஜெயித்தது. ஊரறிந்த முகம், எந்த மூலையில் வைத்தாலும் கண்டுபிடிப்பார்கள். ஊரறியாத ஆளுக்கு அந்த வசதி கிடையாது. அதோடு, வரிசையை யாரும் பார்ப்பதில்லை என்றால் பெரிய கட்சிகளுக்கு மட்டும் மேல்வரிசை எதற்கு? விட்டுக்கொடுக்கலாமே! ஒதுக்கப்பட்ட நிரந்தரச் சின்னம், இலவச வாக்காளர் பட்டியல், வானொலி, தூர்தர்ஷன் நேரம் எல்லாம் ஏற்கெனவே அவர்கள் கையில்.

வரிசைக்கு மதிப்பில்லை என்று ஆஸ்திரேலியாவில் சொன்னால் சிரிப்பார்கள். 1937 செனட் தேர்தலில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கு லேபர் கட்சி நிறுத்திய நாலு பேரின் பெயர்கள்: அமூர், ஆம்ஸ்ட்ராங், ஆர்தர், ஆஷ்லி. ஆங்கிலத்தில் எல்லாமே 'ஏ'. நாலு பேரும் ஜெயித்தார்கள். அதன் பிறகு அங்கே செனட் சீட்டில் அகர வரிசை போய்க் குலுக்கல் வந்தது. டாஸ்மேனியா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், சீட்டுக்குச் சீட்டு பெயர்களை இடம் மாற்றி அச்சடிக்கிறது. நம் இயந்திரத்தில் ஒரு பட்டனுக்கு ஒரு பெயர் என்பதால் அந்த அளவுக்குப் போவது சிரமம்.

ஒரே பட்டியல், அதற்கு ஒரு குலுக்கல் போதும். நம் ஊரில் குலுக்கல் புதிதும் அல்ல. ஒரே சின்னத்தை இரண்டு சுயேச்சைகள் கேட்டால் தேர்தல் அதிகாரி குலுக்கித்தான் கொடுக்கிறார். இரண்டு பேர் சம ஓட்டு வாங்கினால் வெற்றியே குலுக்கலில்தான், அதே சட்டத்தின் 65ஆவது பிரிவு. எம்.எல்.ஏ.வையே குலுக்கி எடுக்கலாம், ஆனால் அவர் பெயர் எத்தனாவது வரியில் வரும் என்பதை மட்டும் குலுக்கக் கூடாதாம்!