கடற்கரை ஊரில் நாமும் வாடிக்கையாளர்தான்

ஆண்டு முழுவதும் கல்லாவை விட்டு நகராத நமக்குக் குடும்பத்தோடு வெளியூர் போக வாய்ப்பது இரண்டு மூன்று நாட்கள்தான். கடையைத் தம்பியிடமோ, பழைய ஆளிடமோ ஒப்படைத்துவிட்டு, பாதி மனம் கடையிலேயே இருக்க ரயில் ஏறுகிறோம். அந்த இரண்டு நாளின் பணத்தையும் நேரத்தையும் வியாபாரிக்கு உரிய கவனத்தோடு செலவழிக்கிறோமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் ஒருமுறையாவது போய்வந்த கன்னியாகுமரியை வைத்தே இதைப் பேசுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத விடுமுறையில் நாங்கள் ஏழு குடும்பமாக அங்கே போனோம். விடியற்காலை ரயிலை விட்டு இறங்கியதும், "கடல் தெரியும் அறை சார், வாடகை குறைவு" என்று ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பின்னாலேயே நடந்தோம். முன்பணம் கட்டிய பிறகுதான் மாடி ஏறினோம். கடல் தெரிந்தது உண்மை. குளியலறை ஜன்னல் வழியாக, ஸ்டூல் போட்டு ஏறினால் தெரிந்தது! பத்து மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றது. மறுநாள் அடுத்த தெருவில் விசாரித்தால், அதே அளவு அறை, தண்ணீர் வசதியோடு, மூன்றில் ஒரு பங்கு குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. இடைப்பட்ட பணம் எங்கே போயிற்று? பெட்டி தூக்கியவரின் கமிஷனுக்குப் போயிற்று. தரகு யார் தலையில் விழும் என்பது மண்டிக்குப் போய்வரும் நமக்குத் தெரியாததா? தெரிந்தும் ஏமாந்தோம்.

ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கையில் பரப்பி, ஊதிப் பார்த்து, பல்லில் கடித்துப் பார்த்து, நாலு கடையில் விலை கேட்டு, பிறகுதான் வாய் திறக்கிறோம். அதே நாம், ஒரு மூட்டைப் பருப்பின் விலையை ஒரே இரவுக்கு வாடகையாகக் கொடுக்கும்போது சரக்கைப் பார்க்காமல் பணம் கட்டுகிறோம். விடுதி எடுப்பதும் ஒரு கொள்முதல்தான் என்பது எங்கள் கருத்து. முன்பணம் கொடுக்கும் முன் அறைக்குள் போய், குழாயைத் திறந்து, விளக்கையும் மின்விசிறியையும் போட்டுப் பார்த்துவிட்டு வர ஐந்து நிமிடம் போதும்.

சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். முதலாவது, அறை எந்தத் திசை பார்த்தது? சூரிய உதயம் பார்க்கத்தான் அந்த ஊருக்குப் போகிறோம். கிழக்கே ஜன்னல் இல்லாத அறைக்குக் 'கடல் அறை' வாடகை கொடுப்பது வீண். இரண்டாவது, அறையைக் காலி செய்வது எத்தனை மணிக்கு? வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கு வைக்கும் விடுதியும் உண்டு. நண்பகல் 12 மணிக்குக் காலி செய்யச் சொல்லும் விடுதியும் உண்டு. விடியற்காலை ரயிலில் இறங்குகிறவருக்கு இந்த ஒரு கேள்வியில் ஒரு நாள் வாடகை மிச்சமாகலாம். மூன்றாவது, கூடுதல் ஆளுக்குப் பாய், தலையணை கொடுத்தால் தனிக் கட்டணமா? நான்காவது, சொன்ன வாடகை வரி சேர்த்தா, சேர்க்காமலா?

சீசனில் வாடகை ஏறுகிறதே என்று சிலர் சலித்துக்கொள்வதை நாங்கள் ஏற்கவில்லை. மே விடுமுறையிலும், கார்த்திகை முதல் தை வரையிலான ஐயப்ப பக்தர்கள் சீசனிலும் அந்த ஊர் நிரம்பி வழிகிறது. அந்தச் சில மாத வருமானத்தில்தான் ஆண்டு முழுவதும் விடுதிக்காரர் சம்பளம் கொடுக்க வேண்டும். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், சுவரில் பெயிண்ட் உரியும். பராமரிப்புச் செலவு நம் ஊரைப் போல் இராது. தட்டுப்பாட்டில் விலை ஏறுவது நமக்குப் புதிதா என்ன? ஆனால் ஏறிய விலையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அறைக்குள் பெட்டியை வைத்த பிறகு சொல்லக்கூடாது.

இன்று தரகர் கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டார். படத்தைப் பார்த்து, விரலால் தட்டி அறை பிடிக்கிறோம். ஆன்லைன் வணிகத்தால் கடை காலியாகிறது என்று கூட்டம்தோறும் குறைபட்டுக்கொள்ளும் நாமே இதைச் செய்கிறோம். அந்த நிறுவனத்துக்கு விடுதிக்காரர் கொடுக்கும் கமிஷனும் வாடகைக்குள்தான் இருக்கிறது. செயலியில் விலையைப் பாருங்கள், தவறில்லை. பிறகு விடுதிக்கே போன் செய்து, நேரடியாக வந்தால் என்ன வாடகை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நம் கடைக்கு நேரில் வரும் வாடிக்கையாளருக்கு நாம் கொடுக்கும் மரியாதையை அவரும் நமக்குக் கொடுப்பார்.

இனி சாப்பாடு. கடற்கரை ஊருக்குப் போனால் மீன் சாப்பிடாமல் வருவதா என்பது அசைவக்காரர்களின் ஆசை. நியாயம்தான். ஆனால் நாட்காட்டியைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கன்னியாகுமரியை அடுத்த சின்னமுட்டம் துறைமுகத்துப் படகுகளும் அப்போது கரையில்தான் நிற்கும். அதே மாவட்டத்தின் மேற்குக் கரைப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. நாம் பிள்ளைகளின் விடுமுறைக்குப் போவது சரியாக அந்த மே மாதத்தில்! அப்போது தட்டில் விழுவது நாட்டுப் படகில் வந்த மீனாக இருக்கலாம். வெளியூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததாகவும் இருக்கலாம். எது என்று கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் மறைக்காமல் சொல்வார். சென்னையில் வஞ்சிரம் என்பதை அங்கே நெய்மீன் என்பார்கள். மத்தியைச் சாளை என்பார்கள். நெய்மீன் விலைக்கும் சாளை விலைக்கும் எவ்வளவோ தூரம். எனவே துண்டு என்ன விலை என்று கேட்டுவிட்டு இலையில் வாங்குங்கள். சாளைக் குழம்பும் மரவள்ளிக்கிழங்கும் சேர்ந்தால் அதற்கு மிஞ்சிய ருசி இல்லை, விலையும் குறைவு.

சைவ உணவுக்காரர்களுக்கும் குறை இல்லை. வடநாட்டு யாத்ரீகர்கள் நிறைய வருவதால் ரொட்டி, சப்ஜி கிடைக்கும் ஓட்டல்களும் உண்டு. எந்த ஓட்டலானாலும், நம் கடைச் சுவரில் மாட்டியிருப்பது போலவே உணவுப் பாதுகாப்பு உரிமம் அங்கும் மாட்டியிருக்க வேண்டும். உள்ளூர் ஆட்டோக்காரரும், பக்கத்துக் கடைக்காரரும் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். அதைவிட நல்ல விளம்பரம் வேறில்லை.

பில் வந்ததும் வியாபாரியின் கண்ணோடு படியுங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் தனியாக ஜி.எஸ்.டி. வசூலிக்கக்கூடாது. இது நம்மில் அந்தத் திட்டத்தில் உள்ள எல்லோருக்கும் மனப்பாடம். சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் நெறிமுறை வகுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தண்ணீர் பாட்டில் விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டுச் சண்டைக்குப் போக வேண்டாம். ஓட்டலில் உட்கார வைத்துப் பரிமாறும்போது அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தெருக்கடையில் அப்படி வாங்க முடியாது.

தெருக்கடை என்றதும் நம் கடையும் நினைவுக்கு வர வேண்டும். திருவிழா நாளில் கூட்டத்தைப் பார்த்து, குளிர வைத்த செலவு என்று சொல்லி, பாட்டிலுக்கு இரண்டு ரூபாய் கூட்டி வாங்குகிறவர் நம்மிடையே யாரும் இல்லையா? வெளியூர்க்காரர், திரும்பி வரமாட்டார் என்ற எண்ணத்தில் எடையில் கை வைக்கிறவர் இல்லையா? அன்று கன்னியாகுமரியில் எங்களுக்கு வந்த கோபம், அப்படி ஏமாந்தவருக்கும் வந்திருக்கும். அவர் கடைக்குத் திரும்பி வராவிட்டாலும் ஊருக்குப் போய்ச் சொல்வார். நாங்களும் அந்த விடுதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்!

அந்தக் கடலின் நடுவே 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை நிற்கிறது. 133 அதிகாரங்களுக்காக 133 அடி. அதில் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காகப் பீடம் மட்டும் 38 அடி. அந்த 38-ல் ஒன்றான நடுவுநிலைமையில்தான், பிறர் பொருளையும் தன் பொருள் போல் பேணுவதே வாணிகம் என்று வள்ளுவர் நமக்குச் சொல்லியிருக்கிறார். அறத்தின் மேல்தான் பொருள் நிற்கிறது என்பதை அந்தச் சிலையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

முடிவாக ஒரு யோசனை. சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். கன்னியாகுமரியோ, இராமேசுவரமோ, திருச்செந்தூரோ, எங்கே போய்வந்தாலும், தங்கிய விடுதி, கொடுத்த வாடகை, தண்ணீர் வசதி, சாப்பிட்ட இடம், பில்லில் கண்ட குறை நிறை எல்லாவற்றையும் உறுப்பினர்கள் தேதியோடு எழுதி வைக்கட்டும். எந்த விடுதியிடமும் கமிஷனோ, சலுகையோ பெறாமல் எழுத வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அடுத்துப் போகிறவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ரயில் ஏறட்டும். ரயிலடியில் பெட்டி தூக்க வருகிறவரிடம், "இடம் பார்த்தாகிவிட்டது, தம்பி" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம்.