வேட்டை மாளிகையில் நடந்த வேட்டை

"கலையின் சிகரம்! மன்னன் இளைப்பாறிய உல்லாச மாளிகை!" பிரான்சில் உள்ள ஷம்போர் அரண்மனையைப் பற்றி உல்லாசப் பயணப் புத்தகங்கள் இப்படித்தான் உருகுகின்றன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை இது!

1519-ல் முதலாம் பிரான்சிஸ் மன்னன் கட்டத் தொடங்கியது இந்த மாளிகை. 400-க்கு மேல் அறைகள், 282 கணப்புகள். 32 ஆண்டு ஆட்சியில் அவன் இங்கே தங்கிய நாட்களைக் கூட்டினால் மூன்று மாதம்கூடத் தேறாது! கட்டிலும் திரைச்சீலையும் அவனோடு வண்டியில் வந்து, அவனோடே வண்டியில் போயின.

பிறகு எதற்கு இந்த மலை போன்ற கட்டடம்? ஆளுவதற்கு! பிரபுக்களைத் தன் வேட்டைக் குதிரையின் பின்னால் ஓடவைக்க. அந்நிய தூதர்களை மிரட்ட. மன்னனின் ஓய்வும் ஆட்சிதான்.

1525-ல் பாவியா போரில் ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தியின் படையிடம் பிரான்சிஸ் சிறைப்பட்டான். மறு ஆண்டு, பெற்ற பிள்ளைகள் இருவரை ஸ்பெயினில் பிணையாக விட்டு மீண்டான். அதே 1526-ல் ஷம்போரில் கொத்து வேலை மறுபடி ஆரம்பம்! பிள்ளைகளை மீட்க 20 லட்சம் பொற்காசு தருவதாக 1529-ல் ஒப்பந்தம்.

கஜானாவை நிரப்பியது யார்? நேர் வரியிலிருந்து பிரபுக்குலத்துக்கு விலக்கு. சுமை உழவன் தலையில். அவன் கஞ்சியில் போடும் உப்புக்கும் வரி!

1539-ல் நடந்ததென்ன? அதே சார்லஸ் ஷம்போருக்கு விருந்தாளியாக வந்தான்! சிறை வைத்தவனும் சிறைப்பட்டவனும் கைகோத்துச் சிரித்தார்கள். போர்க்களத்தில் செத்தவன் எழுந்து வரவில்லை.

மன்னனின் மான் உழவன் பயிரை மேயலாம். உழவன் அந்த மானைத் தொடக்கூடாது. 1516-ம் ஆண்டு வேட்டைச் சட்டப்படி அபராதம், கசையடி. திரும்பத் திரும்பப் பிடிபட்டால் மரண தண்டனை வரை! பிரபுக்களின் இந்த வேட்டை உரிமையை ஒழித்தது எந்த மன்னனின் கருணை? எவனுடையதும் அல்ல. 1789-ல் கிராமங்கள் கொதித்து எழுந்தன; கோட்டைகள் எரிந்தன; ஆகஸ்டு 4 இரவு வெர்சாயில் அந்த உரிமை ரத்தாயிற்று.

1930-ல் ஷம்போர் அரசின் சொத்தாயிற்று. ஆயினும் குடியரசுத் தலைவரின் பெயரால் அங்கே பெரிய மனிதர்களுக்கான வேட்டை 2010 வரை நடந்தது. மன்னன் போனான், மன்னனின் பழக்கம் போகவில்லை!

மாளிகையை இடிக்கச் சொல்லவில்லை நாம். அந்த அழகு, கல் செதுக்கிய உழைப்பாளியின் கை தந்த அழகு. மன்னனின் பெயர் மட்டும் பேசும் சரித்திரம் பொய்ச் சரித்திரம். கல் சுமந்தவனின் பெயரால் எழுதுவோம் மெய்ச் சரித்திரத்தை!