பறித்த வாக்கும் பயன்படா வாக்கும்

விடியுமுன்னே கம்பம் மெட்டிலும் போடி மெட்டிலும் ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடுகின்றன. ஏலத் தோட்டத்துக் கூலிக்காகப் பள்ளத்தாக்கின் தாய்மார்கள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கின்றனர். தேர்தல் நாளிலும் அந்த ஜீப்பு மலையேறலாமா? “ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்?” என்று சலித்துக்கொள்ளும் தோழர்கள் இலங்கையைச் சற்றே நோக்கட்டும்.

தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற மக்கள், அங்கே காட்டை அழித்துத் தேயிலை வளர்த்தனர். 1947 தேர்தலில் வாக்களித்தனர். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். கொழும்பு ஆளவந்தாரின் கண்ணை அது உறுத்தாமலிருக்குமா? 1948-ல் குடியுரிமைச் சட்டம். 1949-ல் தேர்தல் சட்டத் திருத்தம். கொழுந்து கிள்ளும் கை வேண்டும், வாக்குச் சீட்டைப் பற்றும் கை வேண்டாம் என்றனர். மக்கள் வாக்கால் தொண்டமான் மீண்டும் பாராளுமன்றம் புக 1977 வந்தது. முப்பது ஆண்டுகள்! பிறந்த குழந்தை வளர்ந்து, கூடை சுமந்து, தானும் தாயாகிவிடும் காலமன்றோ அது!

அது பறிக்கப்பட்ட வாக்கு. கையிலிருந்தும் பயன்படாத வாக்கு ஒன்றுண்டு. 2005 நவம்பர் 17-ல் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில், யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு 1.2 பேர். ஏழு இலட்சம் வாக்காளரில் எண்ணாயிரத்துச் சொச்சம்! விரக்தியும் இருந்தது, அச்சுறுத்தலும் இருந்தது. இராசபக்சே வென்ற வித்தியாசமோ ஏறத்தாழ 1,80,000 வாக்குகள். ரணில் வந்திருந்தால் தேனும் பாலும் ஓடியிருக்கும் என்று கூறமாட்டோம். ஆனால் வாக்களிக்காதவரை எந்த வெற்றியாளனும் கணக்கில் வைப்பதில்லை. 2015-ல் அதே யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு 66 பேர் சாவடிக்கு வந்தனர், இராசபக்சே தோற்றார்.

நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். 2024-ல் இங்கே வாக்குப்பதிவு ஏப்ரல் 19; மலைக்கு மேலே கேரளத்தில் ஏப்ரல் 26. நாள் மாறினால் கீழே தேர்தல், மேலே வேலை நாள். ஒருநாள் கூலியை இழந்து வாக்களி என்று வயிறு காய்ந்தவளிடம் மேடையில் நின்று கூறுவது எளிது. வாக்குப்பதிவு நாளில் வாக்காளரான தொழிலாளிக்குக் கூலி பிடிக்காமல் விடுமுறை தரவேண்டுமென்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996 முதலே விதி உள்ளது. தினக்கூலிக்கும் அது உரியது. இதனை அறிந்த தாய்மார் எத்தனை பேர்? சுவரில் சின்னம் தீட்டும் முன், ஜீப்பு ஓட்டுநரையும் தோட்டக் கங்காணியையும் நம் கிளைத் தோழர்கள் பார்த்துப் பேசட்டும்.