எந்த லிப்டில் ஏறினோம்?



கடந்த மாதம் சென்னை பெரம்பூருக்குச் சென்றிருந்தேன். நம் சபைக் குடும்பம் ஒன்று ராணிப்பேட்டையை விட்டு அங்கே ஓர் அடுக்குமாடியில் வாடகைக்குக் குடியேறியிருக்கிறது. படுக்கையிலிருக்கும் மூதாட்டிக்குத் திருவிருந்து கொடுக்க வேண்டும். திருவிருந்துப் பெட்டியைச் சுமந்துகொண்டு நம் கோயில்பிள்ளையும் உடன் வந்தார். வாயிற்காவலர் என் வெள்ளை அங்கியைக் கண்டதும் எழுந்து வணங்கினார். கோயில்பிள்ளையை மட்டும் நிறுத்தி, பதிவேட்டில் எழுதச் சொல்லி, பின்பக்கத்து லிப்டைக் காட்டினார். வேலையாட்களுக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் உரிய லிப்ட் அது. நான் வாய் திறவாமல் முன்பக்கத்து லிப்டில் ஏறினேன். கர்த்தருடைய பந்தி குப்பைத் தொட்டியோடு மேலே வந்தது.

காவலரை நான் குறை கூறேன். விதியை எழுதியவர்கள் குடியிருப்போர். அதற்குக் கையெழுத்திட்டவர்களுள் நம்மவரும் உண்டு.

"ஐயா, கடை, ஸ்கூல், ஸ்டேஷன் எல்லாமே நடக்கிற தூரம். கேட் இருக்கிறதால பயமும் இல்லை" என்றார் வீட்டுத் தலைவர். அந்த நடக்கிற தூரத்தை உண்டாக்கியவர்கள் யார்? ஆலைக்கும் ரயில்வே பணிமனைக்கும் நடந்தே சென்ற தொழிலாளர்கள் நெருக்கமாய்க் குடியிருந்த வட்டாரம் அது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அம்மில் தொழிலாளரிடையேதான் பிறந்தது. இட்லிக் கடையும் பூக்காரியும் இஸ்திரி வண்டியும் அவர்களால் வந்தவை. அத்தெருவின் வசதிக்காக வாடகை கொடுக்கிறோம். அத்தெருவின் மனிதருக்கோ வேறு லிப்ட் வைக்கிறோம்.

இதில் எனக்கு மிகுந்த வேதனை தருவது ஒன்றுண்டு. தோல் தொழில் செய்த குடும்பம் என்றும், மாட்டிறைச்சி உண்பவர்கள் என்றும், வேதக்காரர் என்றும் வீடு மறுக்கப்பட்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! சட்டத்திலும் நமக்குப் பெரிய துணையில்லை. 2005ஆம் ஆண்டு, அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், ஒரே சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்னும் விதி செல்லும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாறு வெளியே நிறுத்தப்பட்டவர்கள், உள்ளே இடம் கிடைத்ததும் கதவைச் சாத்திக்கொள்வதை என்னவென்பது?

பெண் பிள்ளைகளை வைத்திருப்போரின் அச்சம் எனக்கும் தெரியும். பூட்டு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. திருடனைத் தடுப்பது பூட்டு. பெட்டி சுமந்து வந்த சகோதரனைப் பின்பக்கம் அனுப்பியது எந்தத் திருடனைத் தடுக்க?

லூக்கா 16ஆம் அதிகாரத்து ஐசுவரியவான் லாசருவை அடித்ததாக எழுதப்படவில்லை. வாசல் ஒன்று இருந்தது, அவ்வளவே. மறுமையில் கண்ட பெரும்பிளவு அந்த வாசலிலேயே வெட்டப்பட்டது என்றே நான் வாசிக்கிறேன்.

சென்னைக்காரரை மட்டும் சொல்லி ராணிப்பேட்டையார் தப்பித்துக்கொள்ள வேண்டாம். 2015 ஜனவரி 31 அதிகாலையில் நம் சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்காக ஜெபித்தோம். டேனரிக்குள் ஏன் உறங்கினார்கள், ஊருக்குள் நம்மில் யார் அவர்களுக்கு ஓர் அறை வாடகைக்குக் கொடுத்திருப்போம் என்று கேட்டோமா? நானும் கேட்கவில்லை. இன்றும் நம் சபையாரின் மாடி வீடுகள் காலியாயிருக்கின்றன. "வடக்கத்தியாருக்கு இல்லை" என்று தரகரிடம் சொல்லியும் வைத்திருக்கிறோம்.

அடுத்த மாதம் மூதாட்டிக்குத் திருவிருந்து கொடுக்க மீண்டும் பெரம்பூர் செல்கிறேன். கோயில்பிள்ளையும் நானும் ஒரே லிப்டில் வருவோம் என்று அவ்வீட்டாருக்குத் தெரிவித்துவிட்டேன். சங்கத்தில் பேசிவிட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள். அனுமதி இல்லையெனில் இருவரும் பின்பக்கத்து லிப்டில் ஏறுவோம்.

உங்கள் ஆயர்