நல்ல நூல் வாங்குவது வீண் செலவா?

‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்பது நம் முன்னோர் மொழிந்து சென்ற பழமொழி. இதன் முற்பகுதியை நம் பெற்றோரும் ஆசிரியைகளும் அடிக்கடி எடுத்துரைப்பார்கள். பிற்பகுதியைப் பற்றி நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. நானும் சிந்தித்தவள் அல்லள். சென்ற ஆண்டு என் அம்மாவுக்காக ஒரு ஸ்வெட்டர் பின்ன முற்பட்டபோதுதான் அதன் பொருள் எனக்கு விளங்கிற்று. நான் கற்ற பாடத்தையும், அதனால் என் மனத்தில் உறுதிப்பட்ட கருத்தையும் தோழியருக்கும், அன்புச் சகோதரிகளுக்கும், பெற்றோருக்கும் இவ்வாண்டு மலர் வாயிலாகச் சொல்ல விழைகிறேன்.

“விருதுநகரில் ஸ்வெட்டரா?” என்று நீங்கள் நகைப்பது என் காதில் விழாமல் இல்லை. நம் மாவட்டம் வெயிலுக்குப் பேர்போனது. மழை குறைவு, காற்றில் ஈரமும் குறைவு. அந்த வறட்சியே சிவகாசியிலும் சாத்தூரிலும் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வேரூன்றத் துணைபுரிந்தது. நம் கரிசல் காட்டில் ஆடுகள் மேயாமல் இல்லை. வெள்ளை உடம்பில் செம்புள்ளிகளோடு திரியும் வேம்பூர் ஆடுகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவற்றின் மேல் இருப்பது வெறும் குட்டை மயிர், கம்பளி அன்று. இராஜபாளையத்தில் 1936-ஆம் ஆண்டிலேயே நூற்பாலை தோன்றியது. சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்கிறார்கள். இவை யாவும் பருத்தி. ஆகவே நாற்பதாம் நம்பர் நூலுக்கும் அறுபதாம் நம்பர் நூலுக்கும் உள்ள வேறுபாட்டை நம் பக்கத்துப் பெரியவர்கள் விரலால் தடவியே சொல்லிவிடுவார்கள். கம்பளி நூல் என்றால்தான் நாம் ஏமாந்து நிற்கிறோம்.

என் அம்மா சிவகாசிக்கு அருகே ஒரு பட்டாசு ஆலையில் வேலை செய்கிறார். ஆண்டு முழுவதும் ஊருக்கெல்லாம் தீபாவளியை உண்டாக்கித் தருகிறவர்களுக்கு, தீபாவளிக்குப் பின் ஆலைகள் மூடிக்கிடக்கும் சில வாரங்களே ஓய்வு. சென்ற ஆண்டு அம்மாவும் உடன் வேலை செய்யும் பெண்களும் சீட்டுப் பிடித்துப் பணம் சேர்த்து, ஒரு வேன் அமர்த்தி, நவம்பரில் கொடைக்கானல் செல்வது என்று முடிவு செய்தார்கள். அம்மா அதுவரை எந்த மலையையும் ஏறிப் பார்த்ததில்லை. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அம்மாவிடமோ குளிருக்கு ஒரு துணிகூடக் கிடையாது. நம் பள்ளியில் நான் கற்ற பின்னல் வேலை அப்போது என் நினைவுக்கு வந்தது. என் கையாலேயே ஒரு ஸ்வெட்டர் பின்னித் தருவேன் என்று ஆடி மாதத்தில் அம்மாவிடம் வாக்களித்தேன்.

என் உண்டியலில் இருந்த சிறு தொகையை எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குச் சென்றேன். “எது விலை குறைவு?” என்பதுதான் நான் கேட்ட முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும் அதுவே. கண்ணைப் பறிக்கும் சிவப்பு நிறத்தில் உல்லன் நூல் என்று சொல்லிச் சில கண்டுகளைக் கொடுத்தார்கள். அவற்றின் மேல் எந்தச் சீட்டும் இல்லை. மிச்சத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று பாதி அளவே வாங்கினேன். மூன்று வாரம் பாடுபட்டு முதுகுப் பகுதியை முடித்தேன். பின்னும்போதே நூலில் பிசிறு எழுந்து, சிறு சிறு மணிகளாகத் திரண்டது. துவைத்துக் கொடியில் தொங்கவிட்டேன். காய்ந்தபின் பார்த்தால் அது ஒரு முழம் நீண்டு, உருக்குலைந்து தொங்கிற்று! மீதி நூல் வாங்கச் சென்றபோது கிடைத்ததோ வேறொரு சிவப்பு. நான் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்தத் துண்டைத் தையல் வகுப்புச் சிஸ்டரிடம் கொண்டு காட்டினேன். அவர்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “இதில் எத்தனை கண்ணிகள் போட்டிருக்கிறாய் என்று கணக்குப் பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டார்கள். அன்றிரவு கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு 20 கண்ணிகள். பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு 28 வரிசைகள். முதுகுப் பகுதி 50 சென்டிமீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் உயரமும் உடையது. ஆக 100 கண்ணிகள், 168 வரிசைகள், பெருக்கினால் 16,800. முன்பகுதிக்கும் ஏறத்தாழ அதே அளவு. இரண்டு கைகளுக்கும் சேர்த்து மேலும் 17,000. மொத்தம் ஐம்பதாயிரத்துக்கு மேல்! நிமிடத்துக்கு 20 கண்ணிகள் போட்டாலும் 42 மணி நேரம் ஆகும். நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஆறு வாரம்.

தோழியரே, இங்கேதான் என் கருத்து பிறந்தது. ஸ்வெட்டரில் விலை மிகுந்த பொருள் நூல் அன்று, நம் உழைப்பே. மட்டமான நூலுக்கும் ஐம்பதாயிரம் கண்ணிகள்தாம். நல்ல நூலுக்கும் ஐம்பதாயிரம் கண்ணிகள்தாம். நூல் மட்டம் என்பதற்காக விரல்கள் பாதி உழைப்போடு விட்டுவிடுமா? எனவே நூலில் மிச்சம் பிடிப்பவள் உண்மையில் தன் உழைப்பைக் குப்பையில் கொட்டுகிறாள். இதனைச் சிக்கனம் என்று எவ்வாறு சொல்வது?

நல்ல கம்பளி நூலின் விலை முன்னதைப் போல் மும்மடங்கு என்று தெரிந்ததும் அம்மா திடுக்கிட்டார். “ரெண்டு நாள் குளிருக்கு இம்புட்டுத் துட்டா? நான் ஒரு போர்வையைப் போர்த்திக்கிட்டுப் போயிட்டு வாரேன். அந்தத் துட்டுல உனக்கு நோட்டு வாங்கலாம்” என்றார். வெயிலிலும் மருந்து நெடியிலும் ஈட்டும் பணத்தின் அருமை அம்மாவுக்குத் தெரியும். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் பருப்பும் வத்தலும் எண்ணெயும் விற்கும் நம் ஊர்ச் சந்தையை அம்மாவுக்கு நினைவூட்டினேன். குத்தூசியால் மூட்டையைக் குத்தி, உள்ளிருக்கும் சரக்கைக் கையில் கொட்டிப் பார்க்காமல் நம் வியாபாரிகள் விலை பேசுவதுண்டா? விலையை மட்டும் கேட்டு வாங்குபவர் வியாபாரத்தில் நிலைப்பதுண்டா? “நான் குத்தூசி இல்லாமல் வாங்கி ஏமாந்தேன், அம்மா. இந்தத் தடவை பார்த்து வாங்குகிறேன்” என்றேன். கட்டுரைப் போட்டியில் கிடைத்த பரிசுப் பணத்தோடு ஆச்சி கொஞ்சம் கொடுக்க, மதுரைக்குச் சென்றோம்.

இம்முறை சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி பார்த்தேன். நூலின் மேல் சீட்டு இருக்கிறதா, அதில் எத்தனை விழுக்காடு கம்பளி என்று எழுதியிருக்கிறதா? தூய கம்பளியை அடையாளம் காட்டும் ஊல்மார்க் என்னும் முத்திரை 1964-ஆம் ஆண்டில் உலகில் அறிமுகமானது என்றும், உல்லன் என்று கடையில் சொல்லப்படுபவற்றுள் பல கம்பளியே இல்லாத அக்ரிலிக் என்னும் செயற்கை இழை என்றும் அப்போதுதான் அறிந்தேன். நூலை இழுத்துவிட்டால் மீண்டும் சுருங்குகிறதா, புரிகள் இறுக முறுக்கப்பட்டுள்ளனவா, தேய்த்தால் பிசிறு எழுகிறதா, கழுத்தில் வைத்தால் குத்துகிறதா என்றெல்லாம் சோதித்தேன். எல்லாக் கண்டுகளும் ஒரே லாட் எண் உடையனவா என்று பார்த்து, தேவையான அரைக் கிலோவையும் ஒரே தடவையில் வாங்கினேன். வீடு வந்ததும் ஒரு சிறு துண்டு பின்னி, குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் விரித்து உலர்த்தி, அளவு மாறவில்லை என்று கண்ட பிறகே வேலையைத் தொடங்கினேன்.

மேலும் ஒரு செய்தி நம் பகுதியினருக்கு மிகவும் இன்றியமையாதது. பட்டாசு ஆலையில் நைலான், பாலியஸ்டர் போன்ற துணிகளை உடுத்தி வேலை செய்யலாகாது. பருத்தியே உடுத்த வேண்டும். செயற்கைத் துணி உராயும்போது உண்டாகும் மின்சாரம் பொறியாக வெடிக்கலாம். தீப்பட்டால் அது உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். எந்த இழை எதற்கு ஏற்றது என்னும் அறிவு உயிரைக் காக்கும் அறிவு என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? அக்ரிலிக் எளிதில் பற்றி உருகும். கம்பளியோ எளிதில் பற்றாது. பற்றினாலும் சுடரை அகற்றியதும் பெரும்பாலும் தானே அவிந்துவிடும். சிஸ்டர் முன்னிலையில், பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு, இரு நூல்களிலும் ஒரு விரல் நீளம் கொளுத்திப் பார்த்தோம். கம்பளி, தலைமுடி கருகும் நாற்றத்துடன் கருகி, விரலால் நசுக்கினால் பொடியாயிற்று. நான் முதலில் வாங்கிய நூல் உருகிக் கெட்டியான ஒரு மணியாக நின்றது. பெரியவர்கள் இல்லாமல் இதனை ஒருவரும் செய்து பார்க்க வேண்டாம்.

பயணத்துக்கு ஐந்து நாள் முன்பு ஸ்வெட்டர் முடிந்தது. வேன் வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறத் தொடங்கியதும் அம்மா அதை அணிந்துகொண்டாராம். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சினாலும் உடம்புக்கு நனைந்ததாகத் தோன்றாது. பனிமூட்டத்தில் நடந்தபோது அதன் அருமை தெரிந்தது என்று அம்மா சொன்னார். இரவில் எல்லாரும் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்தபோது ஒரு பொறி பறந்து வந்து கையில் விழுந்ததாம். அம்மா பதறித் தட்டிவிட்டுப் பார்த்தால், கடுகளவு கருப்புப் புள்ளி மட்டுமே. நெருப்போடு பழகிய அம்மா அந்தப் புள்ளியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் மன்னவனூருக்குப் போனார்கள். அங்கே மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் உள்ளது. நம் நாட்டு ஆடுகளோடு மெரினோ, ராம்புலே இனங்களைக் கலந்து உருவாக்கிய ‘பாரத் மெரினோ’ ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள். “உன் நூல் மேய்ஞ்சுக்கிட்டு இருந்ததைப் பார்த்தேன்டி” என்று அம்மா திரும்பிவந்ததும் சிரித்தபடி சொன்னார். அந்தச் சிரிப்புக்கு முன் அரைக் கிலோ நூலின் விலை எம்மாத்திரம்!

விலை மிகுந்த பொருளெல்லாம் நல்லது என்று நான் வாதிடவில்லை. அதுவும் அறியாமையே. அன்றாடம் துவைக்க வேண்டிய குழந்தைக் குல்லாவுக்கும், நாம் கைவேலை வகுப்பில் செய்யும் பூக்களுக்கும் தோரணங்களுக்கும் நல்ல அக்ரிலிக் நூலே போதும். சிலருக்குக் கம்பளி உடம்பில் அரிக்கும். எல்லா வீட்டிலும் அவ்வளவு பணம் இராது என்பதையும் நான் அறிவேன். ஸ்வெட்டருக்குப் பணம் போதாவிட்டால் அதே பணத்தில் நல்ல நூலாகச் சிறிதளவு வாங்கி, ஒரு மஃப்ளரோ குல்லாவோ பின்னுவோம். மட்டமான பெரிய பொருளைவிடத் தரமான சிறிய பொருளே நீடித்து உழைக்கும்.

“இரண்டு நாளுக்கா?” என்று அம்மா கேட்ட கேள்விக்குக் காலம் விடை சொல்லிவிட்டது. அம்மா திரும்பிய மறுமாதமே எதிர்வீட்டு அக்கா ஊட்டிக்கு அதை அணிந்து சென்றார். பிறகு அடுத்த தெரு அத்தை மூணாறுக்கு வாங்கிச் சென்றார். மார்கழி விடியலில் கோயிலுக்குப் போகும் ஆச்சிக்கும் அதுவே துணை. வேப்பிலையோடு மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறோம். அதன் வடிவம் இன்றுவரை கெடவில்லை. நம் வெயில் ஊரில் ஒரு தெருவுக்கு ஒரு நல்ல ஸ்வெட்டர் போதும் போலும்!

ஆகவே தோழியரே, கையால் செய்யும் எதற்கும் மூலப்பொருளைப் பார்த்து வாங்குவோம். பெற்றோர்களே, உங்கள் மகள் நல்ல நூல் கேட்டால் ஆடம்பரம் என்று உடனே தள்ளிவிடாதீர்கள், “பார்த்து வாங்கினாயா?” என்று கேளுங்கள். நூலைப் போலத்தான் சேலை. தாயைப் போலப் பிள்ளையாகவும் நான் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

பத்தாம் வகுப்பு மாணவி