பேட்டரியில் ஓடும் லேப்டாப்பில் பேக்கப் எடுக்கலாமா?

லேப்டாப்பில் இருப்பதை எக்ஸ்டர்னல் டிரைவில் ஒரு காப்பி எடுத்துவைக்க உட்காரும்போதுதான் கரன்ட் போகும். ‘பேட்டரி 60 சதவிகிதம் இருக்கிறதே, அப்படியே எடுத்தால் என்ன?’ என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. மகளின் கல்யாண போட்டோ, வீடியோ எல்லாம் அந்த ஒரே லேப்டாப்பில்தான் இருக்கிறதாம்.

எடுக்கலாம். ஆனால், முதல் பேக்கப்பை மட்டும் பேட்டரியில் எடுக்காதீர்கள்.

கையடக்க எக்ஸ்டர்னல் டிரைவுக்குத் தனி சார்ஜர் கிடையாது. அது ஓடுவதற்கான மின்சாரத்தையும் லேப்டாப்தான் யு.எஸ்.பி வழியாகக் கொடுக்கிறது. சாதாரண யு.எஸ்.பி 3.0 போர்ட் அதிகபட்சம் 4.5 வாட் வரை கொடுக்கும். உங்கள் பேட்டரி 45 வாட்-ஹவர் என்றால், டிரைவ் மட்டுமே மணிக்கு 10 சதவிகிதம் வரை குடித்துவிடலாம். லேப்டாப்பின் சொந்தச் செலவு தனி.

நேரத்தையும் கணக்குப் போடுங்கள். 200 ஜிபி டேட்டாவை விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் அனுப்பினால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பழைய யு.எஸ்.பி 2.0 போர்ட்டில் வேகம் 30 எம்பி அளவுக்கு இறங்கினால், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் இழுக்கும். அடுத்தடுத்த பேக்கப்புகளில் மாறிய ஃபைல்கள் மட்டுமே போகும் என்பதால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இவற்றுக்குப் பேட்டரி தாராளமாகப் போதும்.

பாதியில் அணைந்தால்..?

காப்பி செய்யும்போது லேப்டாப்பில் உள்ள ஒரிஜினலுக்கு ஆபத்து இல்லை. டிரைவுக்குத்தான் ஆபத்து. எழுதிக்கொண்டிருந்த ஃபைல் அரைகுறையாக நிற்கும். சில சமயம், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற டிரைவின் அட்டவணையே குழம்பிவிடும். அப்போது ஏற்கெனவே அதில் இருந்த பழைய போட்டோக்களும் திறக்காமல் போகலாம். விண்டோஸ், மேக் இரண்டிலும் வேலை செய்யட்டும் என்று எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த டிரைவ்களில் இந்த ஆபத்து கூடுதல். ‘கட்’ செய்து ‘பேஸ்ட்’ செய்யும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். பேக்கப்புக்கு எப்போதும் ‘காப்பி’தான்.

ஓடுகிறது என்று நம்பாதீர்கள்

மேக்கில் உள்ள டைம் மெஷின், சார்ஜர் இணைத்திருக்கும்போது மட்டும் தானாக பேக்கப் எடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், அதில் டைம் மெஷின், அதில் ஆப்ஷன்ஸ் போனால், பேட்டரியிலும் பேக்கப் எடுக்கச் சொல்லும் ஸ்விட்ச் இருக்கும். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் நாமாக நேரம் குறித்து வைக்கும் வேலைகளுக்கும், சார்ஜர் இருந்தால் மட்டுமே தொடங்கு என்ற நிபந்தனை ஆரம்பத்திலேயே டிக் செய்யப்பட்டிருக்கும். இரவில் சார்ஜ் ஏற்றிவிட்டு பகல் முழுக்க பேட்டரியிலேயே வேலை செய்பவர்களுக்கு, மாதக்கணக்கில் ஒரு பேக்கப்கூட நடக்காமல் இருக்கலாம். கடைசி பேக்கப் எந்தத் தேதி என்று இப்போதே திறந்து பாருங்கள்.

பேட்டரியில் எடுக்கும்போது...

* 50 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் தொடங்க வேண்டாம். பழைய பேட்டரி 30-ல் இருந்து சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கும். அதை நம்பவே வேண்டாம்.

* மூடியை மூடாதீர்கள். லேப்டாப் தூங்கிவிட்டால் பேக்கப்பும் நின்றுவிடும். பேட்டரியில் இருக்கும்போது ஸ்லீப் சீக்கிரமே வரும். அந்த நேரத்தைத் தற்காலிகமாகக் கூட்டிவையுங்கள்.

* மொத்தமாக எடுக்காமல், முக்கியமான ஃபோல்டரை முதலில் அனுப்புங்கள். அந்த வாசகிக்கு கல்யாண ஃபோல்டர். கல்லூரி மாணவருக்கு புராஜெக்ட்.

* 20 சதவிகிதத்துக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு, ‘எஜெக்ட்’ கொடுத்த பிறகே கேபிளைக் கழற்றுங்கள். திரையில் காப்பி முடிந்துவிட்டதுபோலத் தெரிந்தாலும், உள்ளே எழுதும் வேலை பாக்கி இருக்கலாம்.

* ஹார்டு டிஸ்க் என்றால் மடியில் வைத்து ஆட்டாதீர்கள். உள்ளே தட்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. எஸ்.எஸ்.டி-யில் அசையும் பாகம் இல்லை என்பதால் அந்தக் கவலை குறைவு.

முடிந்ததும் டிரைவில் இருந்தே நான்கைந்து போட்டோக்களையும் ஒரு வீடியோவையும் திறந்து பாருங்கள். சரியாகத் திறந்தால், டிரைவை லேப்டாப் பையில் போடாமல் பீரோவில் வையுங்கள். பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்தல்லவா போய்விடும்!